சுரண்டி வைத்த இடம்

ஓடுகிற எஞ்சினில் ஸ்பார்க் பிளக் மூடியைக் கையால் பிடுங்காதீர்கள் என்று ஆறு வருடமாக மாணவர்களிடம் கத்திக்கொண்டிருப்பவள் நான். அந்த வியாழக்கிழமை காலை அதை நானே பிடுங்கினேன். ஷாக் விரலில் ஏறி முழங்கையில் வந்து நின்றது. எஞ்சினும் நின்றது. எதிரே எங்கள் அட்டெண்டர் தரையில் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்த பூசணிக்காய் நாலாகப் பிளந்து கிடந்தது. வண்டிக்குள் இருந்த பெண் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்தபடி என்னையே பார்த்தாள்.

"அமுக்குனேன் மேடம். நிக்கல" என்றாள்.

சிதம்பரத்துக்கு வெளியே இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் எலக்ட்ரிகல் லேப் டெக்னீஷியன். ஐ.டி.ஐ. படிப்புதான். வீடு கடலூர் முதுநகரில், தினமும் பஸ். மெக்கானிகல் பிரிவு மாணவர்கள் வருடா வருடம் ஒரு ஏ.டி.வி. கட்டுவார்கள். இரும்புக் குழாய்களால் ஒரு கூண்டு, நடுவில் ஒரே ஒரு சீட், பின்னால் சின்னதாக ஒரு பெட்ரோல் எஞ்சின். மேடு, பள்ளம், சேறு எதிலும் ஓட வேண்டும். கட்டி முடித்ததும் லாரியில் ஏற்றி வடக்கே போட்டிக்குக் கொண்டுபோவார்கள். வண்டியின் வயரிங் மட்டும் என் பொறுப்பு. மொத்த வண்டியில் வயரிங் நாலு முழம்கூடத் தேறாது, ஆனால் எது நின்றாலும் எல்லோரும் முதலில் திரும்பிப் பார்ப்பது என்னைத்தான்.

அந்த வருடம் ஓட்டுநராகத் தேர்வானவள் கடைசி வருடம் படிக்கும் பெண். திட்டக்குடிப் பக்கம் விவசாயக் குடும்பம். பத்தாவது படிக்கும்போதே அப்பாவின் டிராக்டரை ஓட்டியவள். பேச்சு கம்மி, வேலை ஜாஸ்தி. பசங்கள் ஐந்து பேரை ஓட்டிக் காட்டச் சொல்லி, அவளையும் ஓட்டச் சொல்லி, நேரம் பார்த்துத்தான் சார் அவளை எடுத்தார். அணிக்குப் பொறுப்பான பேராசிரியரைத்தான் சார் என்கிறேன். நல்ல மனிதர்தான். கெட்ட பெயர் வந்துவிடுமோ என்ற பயம் மட்டும் கொஞ்சம் தூக்கல்.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு லாரி வருவதாக ஏற்பாடு. அதனால் முந்தின நாள் காலை பூஜை. பெயிண்ட் வாசனை போகாத சிவப்பு வண்டிக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். அட்டெண்டர் பூசணிக்காயின் மேல் கற்பூரம் ஏற்றி வண்டியைச் சுற்றி வந்து எதிரே நின்றார். அவள் வண்டியைக் கிளப்பி, பழங்களை நசுக்கி, நாலடி முன்னால் வந்து நிற்க வேண்டும். எங்கள் ஊரில் புது ஆட்டோ எடுத்தாலும் பொக்லைன் எடுத்தாலும் இதேதான் சடங்கு.

பழம் நசுங்கியது. வண்டி நிற்கவில்லை. கூண்டிலிருந்து தொங்கிய சாமந்தி மாலையின் நார் ஆக்சிலேட்டர் மிதியில் சுற்றிக்கொண்டு, மிதி மேலே வரவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. இந்த மாதிரி சமயத்துக்கென்றே ஸ்டியரிங் பக்கத்தில் கில் ஸ்விட்ச் என்று ஒரு சிவப்புக் குமிழ் இருக்கிறது. அதை அமுக்கினால் எஞ்சின் அந்த நிமிடமே சாக வேண்டும். அவள் உள்ளங்கையால் அதை அடித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். எஞ்சின் சாகவில்லை. அட்டெண்டர் பூசணிக்காயைப் போட்டுவிட்டு ஒரு பக்கமாகத் தாவினார். அவள் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்து, வண்டியை வேப்பமரத்துப் பக்கம் ஒடித்தாள். மரத்தில் முட்டி நின்றும் எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் நான் ஓடிப்போய் மூடியைப் பிடுங்கினேன்.

மாலையை அறுத்து எடுத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஷெட்டுக்குப் போனோம். சார் முகத்தில் ரத்தமே இல்லை. "டெஸ்ட் பண்ணுங்க மேடம்" என்றார். ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட்டினால் புகை மண்டும். அதனால் சைலன்சரோடு வளையும் இரும்புக் குழாய் ஒன்றை மாட்டி, ஜன்னல் வழியாக வெளியே விடுவோம். அது ஆடாமலிருக்க வண்டியின் பின்பக்கக் கம்பியோடு கட்டுக்கம்பி போட்டு முறுக்கிக் கட்டுவோம். எப்போதும் செய்கிற வேலை. அன்றும் அப்படியே மாட்டிக் கட்டிவிட்டு எஞ்சினைக் கிளப்பி, குமிழை அமுக்கினேன். நின்றது.

மறுபடி கிளப்பினேன், மறுபடி நின்றது. வயரை இழுத்துப் பிடித்தும், குமிழை ஒரு ஓரமாகவும், லேசாகவும், பலமாகவும் அமுக்கிப் பார்த்தேன். பதினோரு முறை. பதினோரு முறையும் சமர்த்தாக நின்றது.

"நிக்குதே" என்றார் சார்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஒரு பையன் இன்னொருவனிடம், "பயந்துட்டா மச்சான், பொண்ணுதானே" என்று முணுமுணுத்தது எனக்கே கேட்டது. அவளுக்குக் கேட்காமல் இருந்திருக்காது.

"நான் அமுக்குனேன் சார்" என்றாள். சாரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாள்.

நான் சொன்னதை இப்போது எழுதவும் கூசுகிறது. "நல்லா அமுக்குனியாம்மா? பதட்டத்துல கை நழுவியிருக்கும். சகஜம்தான்" என்றேன்.

ஐ.டி.ஐ.யில் என் செட்டில் நான் ஒருத்திதான் பெண். கரண்ட் போஸ்ட்டில் ஏறினால், "பாத்தும்மா, கை நடுங்குது" என்று கீழேயிருந்து சிரிப்பார்கள். என் கை நடுங்கியதே இல்லை. அப்படிப்பட்டவள் அதே பேச்சை எடுத்து ஒரு பெண் பிள்ளையிடம் நீட்டினேன். ஏன் நீட்டினேன் என்றால், வயரிங் என்னுடையது. வயரிங்கில் கோளாறு இல்லை என்று பதினோரு முறை நிரூபணமானதில் எனக்கு உள்ளுக்குள் அத்தனை நிம்மதி. அவள் உள்ளங்கையால் அடித்ததைப் பார்த்த கண் என்னுடையதுதான். அந்தக் கண்ணை நானே மூடிக்கொண்டேன்.

சார் பத்தே நிமிடத்தில் முடிவெடுத்தார். மாற்று ஓட்டுநராக இருந்த பையன் ஓட்டட்டும், மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மைதானத்தில் அவனுக்கு ஒரு ஓட்டம், அப்புறம் லாரி. அவள் ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். கையுறைகளை மடித்து அதற்குள் வைத்தாள். மதியமே திட்டக்குடி பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டாள் என்று அட்டெண்டர் சொன்னார்.

மறுநாள் காலை ஆறரை மணிக்குச் சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். வலது கட்டைவிரல் நகக்கண்ணில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. வெட்டிக்கொண்டேனோ என்று கழுவினேன். போகவில்லை. ரெட் ஆக்சைடு. துரு பிடிக்காமலிருக்க இரும்புக்கு முதலில் அடிப்பது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒட்டியது.

முதுநகரில் இருப்பவர்களுக்கு இது ஒரு வியாதி. உப்புக்காற்று எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியை வருடத்துக்கு ஒரு முறை தின்னும். கேட்டு, கீல், தண்ணீர் மோட்டாரின் போல்ட், எதுவும் வெளியே பளபளவென்று தெரிய விடமாட்டோம். ஒரு டப்பா ரெட் ஆக்சைடும் ஒரு பிரஷும் எல்லா வீட்டிலும் இருக்கும். செவ்வாய்க்கிழமை வீட்டுக்குக் கிளம்பும்போது ஷெட்டை எட்டிப் பார்த்தேன். வண்டி புதுச் சிவப்பில் மின்னிக்கொண்டிருந்தது. எஞ்சினுக்குக் கீழே கம்பியில் மட்டும் ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயிண்ட் இல்லாமல் வெள்ளையாக இரும்பு தெரிந்தது. பாத்தியா, பசங்க அடிக்காம விட்டிருக்கானுங்க, துரு ஏறும் என்று நினைத்தேன். நினைத்தது மனசு, செய்தது கை. ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு, காய்ந்ததும் அதன் மேல் சிவப்பு ஒரு கோட்டு. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்று ஊதி ஊதிக் காயவைத்தேன்.

தேங்காய்த் துருவல் கையில் அப்படியே இருந்தது. அது விட்டுப்போன இடமில்லை. யாரோ சுரண்டி வைத்த இடம்.

வீட்டு ஸ்விட்ச் கரண்டை வெட்டும். இந்தச் சின்ன எஞ்சினின் கில் ஸ்விட்ச் அப்படியில்லை. அமுக்கினால், பிளக்குக்குப் போக வேண்டிய கரண்டை வண்டியின் பாடிக்குத் திருப்பிவிடும். பாடி வழியாக அது எஞ்சினுக்கே திரும்பிப் போய்விடும். பிளக்கில் பொறி வராது, எஞ்சின் செத்துவிடும். பாடியும் எஞ்சினும் இரும்போடு இரும்பாகத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். அந்த வருடம் அதிர்வைக் குறைக்க எஞ்சினை ரப்பர் வைத்துப் பூட்டியிருந்தார்கள். அதனால் இரண்டையும் இணைத்தது ஒரே ஒரு எர்த் வயர். அதன் ஒரு முனையை மாட்டுவதற்காகத்தான் அந்த நாணயம் அளவு இடத்தைச் சுரண்டி வைத்திருக்கிறார்கள். பழைய எர்த் இடத்தை மாற்றுவதாக யாரோ சொன்னதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. புதன்கிழமை காலை வந்த பசங்கள், நான் பூசிய பெயிண்ட்டின் மேலேயே வயரை வைத்து முடுக்கிவிட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் ஷெட்டில் மட்டும் எப்படி நின்றது? அடுப்பில் தோசை கருகுகிற வரைக்கும் யோசித்தேன். புகைக் குழாய். சைலன்சரிலிருந்து வரும் இரும்புக் குழாய், கட்டுக்கம்பி, வண்டியின் கம்பி. கட்டுகிற இடத்தில் பெயிண்ட் உரிந்திருக்கும். எஞ்சினையும் பாடியையும் அந்தக் குழாய்தான் இணைத்துக்கொண்டிருந்தது. நான் சோதிக்கிற ஒவ்வொரு முறையும் அது கோளாறைச் சரிசெய்துவிட்டு எனக்குப் பொய் சொல்லியிருக்கிறது. வெளியே போனால் குழாய் இல்லை. வெளியே போனால் அந்த ஸ்விட்ச் வெறும் பிளாஸ்டிக்.

ஒன்பது மணிக்கு அந்தப் பையன் வண்டியை மைதானத்தில் ஓட்டப் போகிறான்.

சாருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. பைக்கில் வருகிறவர், பையில் போட்டுவிட்டால் கேட்காது. அந்தப் பையனின் நம்பர் என்னிடம் இல்லை. என் வீட்டுக்காரர், "என்னாடி இது, மூஞ்சி இப்படி இருக்குது" என்று கேட்டதற்கு, "வந்து சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன். சாப்பாடு கட்டவில்லை.

பஸ்ஸில் ஏறியதும் அட்டெண்டருக்கு அடித்தேன். ஷெட் சாவி அவரிடம்தான்.

"அண்ணே, இன்னைக்கு வர்றீங்களா?"

"வந்துக்கினுதாம்மா இருக்கேன். காலு வீங்கிக் கெடக்குது. சாவி எங்கிட்ட இருக்குதே, வராம என்னா பண்றது?"

"நான் வர்ற வரைக்கும் ஷெட்டத் தொறக்காதீங்க."

"சார் கேட்டாருன்னா?"

"சாவியக் காணும்னு சொல்லுங்க."

"அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லதானேம்மா?" என்றார். வண்டியின் எதிரே நின்ற மனிதர் அவர்தான். எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் அவள் மேல் கோபம் வந்திருக்க வேண்டும்.

"இல்லண்ணே. எம்மேலதான்."

"அப்போ சாவி தொலஞ்சிடுச்சி" என்று போனை வைத்தார்.

அந்தப் பெண்ணுக்கு அடித்தேன். மணி அடித்து ஓய்ந்தது. ஆலப்பாக்கத்தில் ஒரு முறை, புதுச்சத்திரத்தில் ஒரு முறை. பெரியப்பட்டில் ஒரு கல்யாண வேன் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. வேன் டிரைவர் கை காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். இறங்கிப் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாமா என்று ஆத்திரம் வந்தது. மணி எட்டே கால். சாருக்கு வாட்ஸப்பில் செய்தி அனுப்பினேன்: வண்டியை எடுக்காதீர்கள், கில் ஸ்விட்ச் வேலை செய்யாது. டிக் நீலமாகவில்லை. ஸ்பேர் சாவி என்று ஒன்று ஆபீஸில் இருக்கிறது என்பது பி.முட்லூர் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது, சீட்டில் உட்கார முடியாமல் படிக்கட்டுப் பக்கம் வந்து நின்றுகொண்டேன்.

கல்லூரிக்குள் நான் ஓடுவதைப் பார்த்து வாட்ச்மேன் வழிவிட்டார். ஷெட் திறந்து கிடந்தது. ஸ்பேர் சாவிதான். புகைக் குழாயைக் கழற்றி ஓரமாகப் போட்டிருந்தார்கள். அட்டெண்டர் வண்டிக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, கட்டுப்போட்ட காலை நீட்டி, நகராமல் உட்கார்ந்திருந்தார். பையன் ஹெல்மெட்டோடு சீட்டில் இருந்தான். சார் கத்திக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா வந்துட்டாங்க, கேட்டுக்கோங்க சார்" என்றார் அட்டெண்டர்.

மல்டிமீட்டரை எடுத்து ஒரு முனையை எஞ்சினிலும் இன்னொன்றை வண்டியின் கம்பியிலும் வைத்தேன். தொடர்பு இருந்தால் அது கூவ வேண்டும். கூவவில்லை. புகைக் குழாயைத் தூக்கி மாட்டிக் கட்டுக்கம்பியை முறுக்கச் சொன்னேன். மீட்டர் கூவியது. கழற்றச் சொன்னேன். அடங்கிவிட்டது. பையன் மெதுவாக ஹெல்மெட்டைக் கழற்றினான்.

எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றினேன். அடியில் பட்டுப்போல வழவழவென்று சிவப்பு. உப்புத்தாளால் தேய்த்தேன். மேல் சிவப்பு போனது, அடிச்சிவப்பு போனது, வெள்ளை இரும்பு வந்தது. மறுபடி பூட்டினேன். குழாய் இல்லாமலே மீட்டர் கூவியது. வெளியே தள்ளிப்போய்க் கிளப்பி அமுக்கினோம். நின்றது.

சார் பெருமூச்சு விட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "லூஸ் கனெக்‌ஷன்னு சொல்லிடலாம் மேடம். இப்ப யாரு பண்ணாங்கன்னு கிளறி என்னா ஆவப்போவுது. உங்களுக்கும் வம்பு, எனக்கும் வம்பு. இவனே ஓட்டட்டும்" என்றார்.

ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. லூஸ் கனெக்‌ஷன் என்பது யாருடைய தப்பும் இல்லை. அதற்குக் கை கிடையாது, நகக்கண் கிடையாது.

ஷெட்டுக்குள் திரும்பி வந்து பசங்களிடம் கேட்டேன். "இந்த எடத்தச் சொரண்டி வச்சது யாரு?"

"அவதான் மேடம்" என்றான் மாற்று ஓட்டுநர். "எர்த்துக்கு வேணும்னு அரைமணி நேரம் ஒக்காந்து தேச்சா."

"அதுமேல பெயிண்ட் அடிச்சது நான். ஸ்விட்ச் வேலை செய்யாம போனது என்னாலதான். அவ சரியாத்தான் அமுக்கினா, நான் பாத்தேன். பாத்துட்டு நேத்து பேசாம இருந்தேன்."

முந்தின நாள் மச்சானிடம் முணுமுணுத்தவன் தரையைப் பார்த்தான். மாற்று ஓட்டுநர் ஹெல்மெட்டைக் கொண்டுபோய் மேசையில், அவள் வைத்திருந்த அதே இடத்தில் வைத்தான். "அவ வரட்டும் சார். வண்டி அவளுக்குத்தான் பழக்கம்" என்றான். சார் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "கூப்பிடுங்க" என்றார்.

ஏழாவது முறை எடுத்தாள். பின்னால் ஆடு கத்தியது.

"நீ சொரண்டி வச்சிருந்த எடத்துல நான் தெரியாம பெயிண்ட் அடிச்சிட்டேம்மா. அதான் நிக்கல. எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன்."

வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தேன்.

"எத்தன மணிக்கு மேடம் லாரி?" என்றாள்.

இரண்டேகாலுக்கு வந்தாள். விருத்தாசலத்தில் பஸ் மாறி, முகமெல்லாம் புழுதியோடு. நேராக வண்டிக்கு அடியில் குனிந்து, எர்த் போல்ட்டை விரலால் தடவிப் பார்த்தாள். ஸ்பேனர் வாங்கி இன்னும் கால் சுற்று முடுக்கினாள். வண்டியை வேப்பமரத்தடிக்குத் தள்ளச் சொல்லி, ஏறி உட்கார்ந்து கிளப்பி, அமுக்கினாள். நின்றது. மறுபடி. நின்றது. அட்டெண்டர் நொண்டிக்கொண்டே வந்து, அவள் வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல், நேற்று நின்ற அதே இடத்தில் எதிரே நின்றார். அவள் நாலடி ஓட்டி வந்து அமுக்கினாள். நின்றது.

அதற்குள் லாரி கேட்டுக்கு வந்து ஹாரன் அடித்தது. அவள் இறங்கினாள்.

"மேடம், நீங்க ஒக்காருங்க" என்றாள்.

"நான் எதுக்கும்மா?"

"ஒக்காருங்க."

கூண்டுக்குள் குனிந்து உட்கார்ந்தேன். அவள் எஞ்சினைக் கிளப்பினாள். முதுகுக்குப் பின்னால் அது உறுமியது. ஸ்டியரிங் கையில் அதிர்ந்தது. சின்ன எஞ்சின்தான், வெளியே நின்று நூறு முறை கேட்ட சத்தம்தான். உள்ளே உட்கார்ந்தால் வேறு மாதிரி இருந்தது. எதிரே நின்றுகொண்டிருந்த மனிதர் மிகப் பக்கத்தில் தெரிந்தார்.

"அமுக்குங்க" என்றாள்.

என் கை நடுங்கியது. உள்ளங்கையால் குமிழை அடித்தேன். எஞ்சின் நின்றது. கேட்டில் லாரிக்காரர் யாரிடமோ பேசுவது இங்கே வரைக்கும் கேட்டது.

அவள் கூண்டுக் கம்பியைப் பிடித்துக் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நேத்து நானும் இப்படித்தான் மேடம் அமுக்குனேன்."